உப்பு முத்தமும் பிரசுரமாகாத ஒரு திருத்தமும்

1989 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதி. பேராதனைப் பல்கலைக்கழகம் மூடிக்கிடந்தது. தெற்கில் ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி உச்சத்தில் இருந்தது. வடக்கு, கிழக்கில் இந்திய அமைதி காக்கும் படை நிலைகொண்டிருந்தது. ஊருக்கும் போக முடியாமல் விடுதிக்கும் திரும்ப முடியாமல் கொழும்பில் தங்கியிருந்த கலைப்பீட மாணவனான எனக்கு, தமிழ்த் தினசரி ஒன்றில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. பத்திரிகைத் தொழிலுக்குள் நான் நுழைந்த வாசல் அதுதான். ஊரடங்கு இரவுகளில் அலுவலக மேசையே படுக்கை. டெலிபிரிண்டர் இயந்திரத்தின் சத்தம்தான் தாலாட்டு.

அப்படியானதொரு இரவில் வந்து விழுந்த ஒரு செய்தியை இன்றும் மறக்கவில்லை. கனடா, அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டாக ஆராய்ந்து, குழந்தைகளைக் கொல்லும் ஒரு பரம்பரை நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதே அச்செய்தி. நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அதற்குத் தமிழில் பெயர் இருக்கவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு 'நீர்க்கட்டி நார்த்திசு நோய்' என்று எழுதிக் கொடுத்தேன். "தம்பி, இது ஆருக்கு விளங்கும்?" என்று கேட்ட உதவி ஆசிரியர், விளக்கமாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். 'இது வெள்ளையினத்தவரை மட்டும் பீடிக்கும் பரம்பரை நோயாகும்.' ஆங்கில மூலத்தில் வெள்ளையின மக்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் நோய் என்றே இருந்தது. 'மட்டும்' என்ற சொல் அதில் இல்லை. அது நான் போட்டது. இடமும் மிச்சம், வசனமும் இறுக்கம் என்று அப்போது நினைத்திருப்பேன்.

அந்தச் சொல் 33 வருடங்கள் கழித்து என்னைத் தேடி வந்தது.

2022 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் அதிகாலை ஸ்காபறோவில் இருந்து சின்னம்மாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்குப் பேரன் பிறந்து மூன்று கிழமைகள் ஆகியிருந்தன. அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் குதிக்காலிலும் ஊசியால் குத்தி, சில துளி இரத்தத்தை ஓர் அட்டையில் ஊறவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 2008 ஆம் ஆண்டிலிருந்து ஒன்ராறியோ மாகாணத்தில் அந்தப் பரிசோதனைப் பட்டியலில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் இருக்கிறது. பேரனின் அட்டை சந்தேகத்தைக் காட்டியது. தொடர்ந்து செய்த வியர்வைப் பரிசோதனை அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

"அண்ணா, பிள்ளைக்கு ஏதோ பரம்பரை வருத்தமாம். எங்கட பரம்பரையில அப்பிடி ஆருக்கும் இருந்ததோ?"

இல்லை என்றுதான் உடனே சொன்னேன். அது வெள்ளைக்காரருக்கு வரும் நோயல்லவா என்றும் சொன்னேன். தொலைபேசியை வைத்த பின்னர்தான் அந்த வசனத்தை எங்கே வாசித்தேன் என்ற யோசனை வந்தது. பழைய நறுக்குகளை ஒட்டிவைத்த கொப்பியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வாசித்ததல்ல, நானே எழுதியது.

இதற்கிடையில் ரொறன்ரோவில் வேறொரு வழக்கு தொடங்கிவிட்டது. குழந்தையின் தாய் எங்கள் பிள்ளை, வடமராட்சி. தகப்பன் மட்டக்களப்பைப் பூர்வீகமாகக் கொண்டவர். இருவரும் பல்கலைக்கழகத்தில் சந்தித்து மணம் முடித்தவர்கள். தங்கள் பக்கத்தில் இப்படியொரு நோய் இருந்ததே இல்லை என்று சம்பந்தி வீட்டார் சொன்னார்கள். தங்கள் பக்கத்திலும் இல்லை என்று எங்கள் வீட்டார் சொன்னார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் யாரோ பறங்கியர் கலந்திருப்பர் என்று யாரோ ஒருவர் பகிடியாகச் சொன்னது, இரண்டு வீடுகளும் சில வாரங்கள் பேசாமலிருக்கப் போதுமானதாக இருந்தது.

இந்த நோயின் பரம்பரைக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. நம் உடம்பில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குரிய மரபணுவில் ஒரு பிரதி பழுதாக இருந்தால் ஒன்றும் நடக்காது. மற்றப் பிரதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவர் நோயாளி அல்லர், காவி. தாம் காவி என்பதை அறியாமலே வாழ்ந்து முதிர்ந்து இறந்துவிடலாம். இரண்டு காவிகள் சேர்ந்து பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு சாத்தியம், இரண்டு பழுதான பிரதிகளும் போய்ச் சேரும். அப்போதுதான் நோய். ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர் காவி. இரண்டு காவிகள் தம்பதியாவது 625 இல் ஒன்று. அதில் நான்கில் ஒரு பங்கு என்றால் 2500 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை. தெற்காசியரிடையே காவிகள் இதைவிடக் குறைவு. குறைவு என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள தூரத்தைத்தான் நான் அன்று ஒரு சொல்லால் அழித்துவிட்டேன்.

அதன் பிறகு பல மாதங்கள் இந்த நோயின் வரலாற்றை வாசித்தேன். விஞ்ஞானம் படித்தவன் அல்லன் நான். ஆனாலும் ஒரு நோய் எப்படிப் பெயர் பெறுகிறது என்பது வரலாற்று மாணவனுக்கும் உரிய கேள்விதான்.

ஐரோப்பாவின் நாட்டார் வழக்கில் ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. முத்தமிடும்போது எந்தக் குழந்தையின் நெற்றி உப்புக் கரிக்கிறதோ அந்தக் குழந்தை சூனியத்துக்கு ஆட்பட்டது, நெடுநாள் வாழாது என்பதே அது. 1595 இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பீற்றர் போவ் என்ற உடற்கூற்றியல் பேராசிரியர், சூனியம் செய்யப்பட்டதாகச் சொல்லப்பட்ட 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலை அறுத்துப் பார்த்தார். அவளது சதையி வீங்கிக் கடினமாகி வெள்ளையாகப் பளபளத்தது என்று எழுதிவைத்தார். அவர் கண்டது இந்த நோயாகத்தான் இருக்கவேண்டும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர். உப்பு நெற்றியை அறிந்தவர்கள் தாய்மார். கெட்டுப்போன சதையியைக் கண்டவர்கள் வைத்தியர்கள். இரண்டும் ஒரே நோயின் அடையாளங்கள் என்பதை அறிய இன்னும் மூன்றரை நூற்றாண்டுகள் ஆயின.

அந்த இணைப்புக்கு வழிவகுத்தவர் டொறதி ஹன்சின் அண்டர்சன் என்ற பெண்மணி. 1901 இல் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சத்திரசிகிச்சை நிபுணராக விரும்பினார். பெண் என்ற காரணத்தால் அந்தக் கதவு சாத்தப்பட்டது. உயிரோடிருப்பவரை அறுக்க இடம் கிடைக்காததால் இறந்தவரை அறுக்கும் நோயியல் துறைக்குப் போனார். 1935 முதல் நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிசு வைத்தியசாலையில் அவருக்குப் பணி. அங்கே சீலியாக் நோயால் இறந்ததாகக் குறிக்கப்பட்ட குழந்தையொன்றின் உடலைப் பரிசோதித்தபோது, அந்த நோய்க்குப் பொருந்தாத ஒரு சதையியைக் கண்டார். அதன் கான்கள் அடைபட்டு, நீர்க்கட்டிகள் உண்டாகி, நார்த்திசு மண்டிப் போயிருந்தது.

இன்னொருவராக இருந்தால் ஒரு குறிப்பு எழுதிவிட்டு அடுத்த உடலுக்குப் போயிருப்பார். அண்டர்சன் பழைய பிரேத பரிசோதனைப் பதிவேடுகளைக் கிளறினார். வேறு இடங்களில் பதிவானவற்றையும் தேடினார். சீலியாக் என்றும் நியூமோனியா என்றும் வெவ்வேறு பெயர்களில் புதைக்கப்பட்டிருந்த குழந்தைகளுள் 49 பேரை ஒரே நோயின் கீழ் கொண்டுவந்து 1938 இல் கட்டுரை வெளியிட்டார். சுவிற்சர்லாந்தில் கைடோ ஃபன்கோனி 1936 இலேயே இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் நோயைத் தனி நோயாக நிறுவிப் பெயரிட்டது அண்டர்சனின் கட்டுரையே. காரணம் விற்றமின் ஏ குறைபாடு என்று அவர் முதலில் கருதினார். அது பிழை. 1946 இல், குடும்பங்களை ஆராய்ந்து, இது இரு பெற்றோரிடமிருந்தும் வரும் ஒடுங்கிய பரம்பரை நோய் என்ற முடிவை ஒரு சக ஆய்வாளருடன் சேர்ந்து எழுதினார். தன் பிழையைத் தானே தாண்டிப்போக அவருக்கு எட்டு வருடங்கள் எடுத்தன. எனக்கு எத்தனை வருடங்கள் எடுத்தன என்பதை வாசகர்கள் மேலே பார்த்துவிட்டீர்கள்.

இந்த அம்மையார் மீது எனக்கு ஒரு தனிப்பிரியம் உண்டாகிவிட்டது. மலையேறுவார், தச்சுவேலை செய்வார், நியூ ஜேர்சி மலைப்பகுதியில் இருந்த தன் பண்ணை வீட்டின் கூரையைத் தானே வேய்ந்தார். தலைமுடி கலைந்திருக்கிறது, உடுப்புச் சீரில்லை, மேலாடையில் சிகரெட் சாம்பல் என்று சக வைத்தியர்கள் குறை சொன்னார்கள். அதே சிகரெட்தான் 1963 இல் அவரைச் சுவாசப்பைப் புற்றுநோயில் கொண்டுபோய் விட்டது. குழந்தைகளின் சுவாசப்பைகளைப் பற்றி வாழ்நாள் முழுவதும் கவலைப்பட்டவர் அவர்.

இனி உப்புக்கு வருவோம். 1948 ஆம் ஆண்டுக் கோடையில் நியூயோர்க்கைக் கடும் வெப்ப அலை தாக்கியது. வெப்பத்தால் சோர்ந்து விழுந்து சிசு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளில் அளவுக்கு மீறிய பங்கினர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் என்பதை அண்டர்சனும் அவருடன் பணியாற்றிய வைத்தியர் வோல்ற்றர் கெஸ்லரும் கவனித்தார்கள். ஏன் இந்தப் பிள்ளைகள் மட்டும்? இத்தாலியில் பிறந்து அமெரிக்கா வந்த போல் டி சான்ற் அக்னீஸ் என்ற இன்னொரு வைத்தியர் அதே வைத்தியசாலையில் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அவர்களது வியர்வையைச் சேகரித்து அளந்து, அதில் உப்பு மிக அதிகமாக இருப்பதை 1953 இல் வெளியிட்டார். பாட்டிமாரின் சூனியக் கதை ஆய்வுகூடத்தின் எண்ணாக மாறியது அன்றுதான். 1959 இல் கிப்சன், குக் என்ற இருவர் பாதுகாப்பாக வியர்வை சேகரிக்கும் முறையைக் கண்டார்கள். அதற்கு முன்னர் குழந்தையைப் பொலித்தீன் பையால் சுற்றி வியர்க்கவைக்கும் ஆபத்தான வழக்கமும் இருந்தது. இன்றும் வியர்வையில் குளோரைட்டின் அளவு லீற்றருக்கு 60 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் நோய் என்றே கொள்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். நியூயோர்க்குக்கு அது வரலாற்றில் பதியத்தக்க ஒரு வெப்ப அலை. எங்களுக்கு அது ஒவ்வொரு வருடமும் வரும் பங்குனி, சித்திரை. குளிர்நாட்டில் ஒரு குழந்தையின் நெற்றி உப்புக் கரித்தால் தாய் திடுக்கிடுகிறாள். யாழ்ப்பாணத்து வெயிலில் எந்தப் பிள்ளையைக் கொஞ்சினாலும் உதட்டில் உப்பு ஒட்டும். அங்கே நோயைக் காட்டிக்கொடுத்த அடையாளத்தை இங்கே வெயில் மறைத்துவிட்டது. அதுமட்டுமன்று. உப்பை இழக்கும் குழந்தை வெப்ப நாட்டில் எளிதில் சோர்ந்து விழும். வாந்தியோ வயிற்றோட்டமோ என்று எண்ணப்படும். இந்திய வைத்தியர்கள் தாம் கண்ட சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகள் பலர் இத்தகைய உப்பிழப்போடுதான் முதலில் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். சளி, வயிற்றோட்டம், மெலிவு ஆகிய மூன்றும் நாங்கள் குழந்தைகளைப் பறிகொடுத்த வழக்கமான வழிகள். அந்தக் கூட்டத்துக்குள் நாலாவதாக ஒரு நோய் ஒளிந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? இங்கே அதற்கு ஓர் அண்டர்சன் வாய்க்கவில்லை.

நோய் செய்வது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடற்கலங்களின் மேற்பரப்பில் குளோரைட் போய்வருவதற்கு ஒரு வாயில் உண்டு. வியர்வைச் சுரப்பியில் அந்த வாயில்தான், வியர்வை தோலுக்கு வருமுன்னர், அதிலுள்ள உப்பைத் திரும்ப உள்ளே எடுக்கிறது. சுவாசப்பையிலும் சதையியிலும் அதே வாயில் உப்பையும் அதன் பின்னே நீரையும் வெளியே விட்டுச் சளியை இளக்குகிறது. வாயில் அடைபட்டால் வியர்வை உப்பாகும், சளி பசையாகும். பசையான சளி சதையியின் கான்களை அடைக்க, சமிபாட்டு நொதியங்கள் குடலை எட்டுவதில்லை. பிள்ளை ஓயாமல் பசித்து உண்ணும், ஆனால் உடம்பில் ஒட்டாது. சுவாசப்பையில் தேங்கிய சளியில் கிருமிகள் குடியேறி ஆண்டுக்கணக்கில் இருந்து அதைத் தின்னும்.

இந்த வாயில் அடைபட்டிருக்கிறது என்பதை 1983 இல் நிறுவியவர் போல் குயின்ரன் என்ற கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர். அவரே இந்த நோயுள்ளவர். கல்லூரி நாள்களில் தன் தீராத இருமலுக்குக் காரணம் தேடி நூலகத்தில் புத்தகம் புரட்டித் தன் நோயைத் தானே கண்டுகொண்டவர். பின்னர் தன் தோலிலிருந்தே வியர்வைச் சுரப்பிகளை எடுத்து ஆராய்ந்தார். தன்னையே ஆய்வுகூடமாக்கிய இவரைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம்.

வாயிலைச் செய்வதற்கான வரைபடம், அதாவது மரபணு, எங்கே இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. அது 7 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்பது 1985 இல் தெரிந்தது. ஊரின் பெயர் தெரிந்துவிட்டது, வீட்டு இலக்கம் தெரியாது என்பது போன்ற நிலை. மனித மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்படாத காலம் அது. படலை படலையாகத் தட்டிக்கொண்டு போகவேண்டும். ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையில் லாப்-சீ சூய், ஜோன் றியோர்டன் ஆகியோரின் குழுக்களும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் கொலின்ஸின் குழுவும் ஒன்றுசேர்ந்து தட்டின. 1989 மே மாதத்தில் சூயும் கொலின்ஸும் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். மழை இரவு. விடுதி அறையில் சூய் வைத்திருந்த தொலைநகல் இயந்திரத்தில் ரொறன்ரோ ஆய்வுகூடத்திலிருந்து அன்றைய முடிவுகள் வந்துகிடந்தன. மரபணுவில் மூன்றே மூன்று எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதன் விளைவாக 1480 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்யப்படும் புரதத்தில் 508 ஆவது இடத்தில் இருக்கவேண்டிய ஒன்று இல்லை. நோயாளிகளிடம் இருந்த பழுதான பிரதிகளில் ஏறத்தாழ 70 வீதம் இந்த ஒரே பிழையைக் கொண்டிருந்தன. செய்தி முன்கூட்டியே கசிந்ததால் ஆகஸ்ட் இறுதியில் பத்திரிகையாளர் மாநாடு கூட்டினார்கள். மூன்று கட்டுரைகளும் செப்டம்பர் 8 ஆம் திகதி 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தன. கொழும்பில் ஊரடங்கு இரவொன்றில் நான் மொழிபெயர்த்தது அந்தக் கசிவைத்தான்.

ஐரோப்பியரின் நோய் என்று உலகம் சொன்ன ஒன்றின் வேரைக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் ஷங்ஹாயில் பிறந்து ஹொங்கொங்கில் வளர்ந்த ஒரு சீனர் என்பதை அன்று நான் கவனிக்கவே இல்லை.

மூன்று எழுத்துப் பிழையைப் பற்றி, அச்சுக்கூடத்தோடு வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த 508 பிழையுள்ள புரதம் பெரும்பாலும் வேலை செய்யக்கூடியதே. ஆனால் சரியாக மடிபடுவதில்லை. கலத்தின் உள்ளேயிருக்கும் ஒப்புநோக்குநர் அதைக் கண்டு, வாசலுக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டுவிடுகிறார். 508 ஒன்றுதான் பிழை என்றும் இல்லை. இன்றுவரை அந்த மரபணுவில் 2000 இற்கு மேற்பட்ட மாற்றங்கள் பதியப்பட்டுள்ளன. தெற்காசியரிடமும் 508 இருக்கிறது, ஆனால் ஐரோப்பியரிடம் உள்ள அளவுக்கு இல்லை. எஞ்சியவை வெவ்வேறு பிழைகள். பறங்கியர் பகிடிக்கு இதுவே பதில். 508 மாற்றம் சுமார் 5000 வருடங்கள் பழையது என்று கணித்திருக்கிறார்கள். எந்தக் கப்பலுக்கும் அது காத்திருக்கவில்லை.

இதில் பகிடியல்லாத ஒரு விடயமும் உண்டு. மேற்குநாடுகளில் மரபணுப் பரிசோதனைக்கான பட்டியல்கள் ஐரோப்பிய நோயாளிகளிடம் கண்ட மாற்றங்களைக் கொண்டே முதலில் தயாரிக்கப்பட்டன. நமது பிள்ளையிடம் இருக்கும் மாற்றம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் பரிசோதனை அதைக் காணாது. 'உங்கள் இனத்தவருக்கு இது வருவதில்லை' என்று எண்ணும் வைத்தியர் வியர்வையைச் சோதிக்கவும் சொல்லமாட்டார். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிக்கும் பெற்றோர், பிள்ளைக்கு ஓயாத சளியும் எண்ணெய்த்தன்மையுள்ள மலமும் நிறை ஏறாமையும் சேர்ந்திருந்தால், வியர்வைப் பரிசோதனை ஒன்றைத் தாமே கேட்டுப் பெறத் தயங்கவேண்டாம். குதிக்கால் பரிசோதனையில் பிடிபடவில்லை என்பது முடிந்த முடிவல்ல.

மச்சான் - மச்சாள் திருமணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணவன் காவி என்றால், அவரது சொந்த மாமன் மகளான மனைவியும் அதே பழுதைப் பொதுப் பாட்டன் பாட்டி வழியே பெற்றிருக்கும் சாத்தியம் எட்டில் ஒன்று. அந்நியத்தில் முடித்திருந்தால் அது எவ்வளவோ குறைவாக இருந்திருக்கும். உறவில் செய்வதே தவறு என்று பிரசங்கம் செய்பவன் அல்லன் நான். பெரும்பாலான உறவுத் திருமணங்களில் ஆரோக்கியமான பிள்ளைகளே பிறக்கிறார்கள். காணி, சீதனம், குணம், குலம் எல்லாவற்றையும் விசாரிக்கும் நாங்கள், குழந்தையாக இறந்துபோன பெரியப்பா சித்தப்பாமாரை மட்டும் விசாரிப்பதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

மருந்தின் கதை நீண்டது, சுருக்குகிறேன். 1938 இல் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடம் போகும் வயதைக் காணவில்லை. பன்றியின் சதையியிலிருந்து எடுத்த நொதியங்கள், பெனிசிலினுக்குப் பின் வந்த நுண்ணுயிர்க்கொல்லிகள், சளி இளகும்படி தினமும் முதுகில் தட்டும் தாய்மாரின் கைகள் ஆகியவை சேர்ந்து அந்த வயதை வருடம் வருடமாகத் தள்ளின. நீராவிக் கூடாரத்துக்குள் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் உறங்கவைத்த ஒரு காலமும் இருந்தது. அதனால் பயனில்லை என்று பிறகு கைவிட்டார்கள். மரபணு கிடைத்து 23 வருடங்களின் பின், 2012 இல், பழுதான வாயிலையே திறக்கும் முதல் மருந்து வந்தது. அது மிகச் சிலருக்கே பொருந்தியது. 2019 இல் வந்த மூன்று மருந்துகளின் கூட்டு, 508 மாற்றத்தின் ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்தது. நோயாளிகளில் ஏறத்தாழ 90 வீதத்தினருக்கு அது பொருந்தும் என்றார்கள். அமெரிக்காவில் அதன் அறிமுக விலை வருடத்துக்கு 311,000 டொலர். வாழ்நாள் முழுவதும் எடுக்கவேண்டிய மருந்து அது. ஆர்ஜென்ரீனாவில் தயாரான மலிவுப் பிரதியைத் தேடிப் பிற நாட்டுப் பெற்றோர்கள் அங்கே பயணம் செய்தார்கள். 2023 இல் இந்தியா, தென்னாபிரிக்கா, பிரேசில், உக்ரெய்ன் ஆகிய நாடுகளில் நோயாளர் குடும்பங்கள் காப்புரிமையை மீறி மருந்து கிடைக்கச் செய்யுமாறு கோரின. பங்களாதேஷ் நிறுவனம் ஒன்று மிகக் குறைந்த விலையில் அதைத் தயாரிக்கப்போவதாக 2025 இல் அறிவித்தது.

எங்கள் பேரன் கனடாவில் பிறந்தான். அவனுக்கு ஒரு பக்கம் 508, மற்றப் பக்கம் அரிதான வேறொரு மாற்றம். இரண்டு வயது கடந்ததும் மருந்து தொடங்கினார்கள். ஓடித் திரிகிறான். நிறை ஏறியிருக்கிறது.

2023 இல் நான் ரொறன்ரோ போயிருந்தபோது சின்னம்மாவோடு இரண்டு நாள்கள் இருந்தேன். சின்னையா காலமாகிப் பல வருடங்கள். இருவரும் சொந்த மச்சான் மச்சாள். என் தங்கையும் காவி என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் குடும்பத்தின் மரபுவழியை வரைவதற்காக மரபியல் ஆலோசகரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். தனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்குச் சின்னம்மா நான்கு என்றார். நாங்கள் மூவரைத்தான் அறிவோம். தங்கை என்னைப் பார்த்தாள்.

1966 இல் முதற்பிள்ளை. ஆண். எட்டு மாதம். எந்த நேரமும் பால் கேட்கும், ஆனால் தேறாது. சளி விட்டதே இல்லை. சித்திரை வெயிலில் ஒருநாள் மத்தியானம் சோர்ந்து கிடந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டது. நாவூறு என்றார்கள், வயிற்றோட்டம் என்றார்கள். ஆலோசகர் அடுத்துக் கேட்டதை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியவன் நானாகிவிட்டேன். பிள்ளையைக் கொஞ்சும்போது உப்புக் கரித்ததா?

"கரிக்கும் ராசா. ஆனா அந்த வெய்யிலுக்க ஆரைக் கொஞ்சினாலும் உப்புத்தானே."

இறந்த பிள்ளைக்கு அந்த நோய் இருந்ததா என்பதை இனி யாரும் அறிய முடியாது என்று ஆலோசகர் சொன்னார். அப்படி இருந்திருந்தால், நோயின்றித் தப்பிய சகோதரர் ஒவ்வொருவரும் காவியாக இருக்கும் சாத்தியம் மூன்றில் இரண்டு என்றும் சொன்னார். மற்ற இருவரும் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும் என்றார். பிறகு தாளில் என் தங்கையின் வட்டத்துக்கு இடப்புறமாக ஒரு சிறு சதுரம் வரைந்தார். இறந்தவர் என்பதற்கு அதன் மேல் ஒரு சாய்கோடு. அருகில் ஒரு கேள்விக்குறி. பெயர் என்ன என்று கேட்டார். சின்னம்மா சொன்னார். எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி அவர் என்னைக் கேட்டார்.